பலகைக்கு நெற்றி எது?

எங்கள் நாட்டில் வெயிலுக்கு மரியாதை வந்தது, நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில்தான். அதற்கு முன்பு வெயில் என்றால் குடை, வியர்வை, "வெயில்ல அலையாத, கறுத்துப் போயிருவ" என்ற அம்மாவின் அதட்டல், அவ்வளவுதான். பிறகு மந்திரிகள் தொலைக்காட்சியில் மலாயில் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். எண்ணெயும் எரிவாயுவும் எடுத்துப் பிழைத்த சின்ன நாடு, இனிக் கூரைகளிலிருந்தும் மின்சாரம் எடுக்கும் என்றார்கள். பேரங்காடி, பள்ளிவாசல், பள்ளிக்கூடம் என்று கூரைக்குக் கூரை நீலக் கண்ணாடிப் பலகைகள் ஏறின. ஐஸ்பெட்டி வாங்கப் போனவர்கள் கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்து வாங்கினார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மூன்று நட்சத்திரம் வாங்கிவிட்டு, எதிர் வீட்டில் ஐந்து நட்சத்திரம் வந்து இறங்கியதும் ஒரு வாரம் அவர்களோடு பேசவில்லை.

அந்த நேரத்தில் நான் மின்பொறியியல் படித்து முடித்து வெளியே வந்தேன். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அப்பா அதுவும் இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முழுசாக முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நானே. இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். உயரட்டும்.

சோலார் பொருத்தும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அலுவலகம் தலைநகரில், பிரிக்பீல்ட்ஸ் பகுதியில், ஒரு கடை வரிசையின் மேல்மாடியில். கீழே பூமாலை கட்டுகிறவர்களும் பலகாரக் கடையும். முதல் வருடம் மற்றவர்களின் வேலையில் கூடமாட நின்றேன். எனக்கென்று தனியாக வந்த முதல் வேலை கிள்ளானில் ஒரு மசாலா மில். கேட்டதும் சிரித்துவிட்டேன். அந்த மில்லில்தான் அம்மா வேலை செய்கிறார். மிளகாய்த் தூளையும் மல்லித் தூளையும் பொட்டலம் போட்டே என்னைப் படிக்க வைத்தார்.

மில் முதலாளி தமிழ் முஸ்லிம். தலைநகரில் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் அவருக்கு மசாலாக் கடை இருக்கிறது. அங்கே விற்பதெல்லாம் இங்கே அரைபடுவது. நான் தலைக்கவசமும் கையில் மீட்டருமாகப் போய் நின்றபோது அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு, நம்ம மிளகாச் சாக்கு மேல ஒக்காந்து ஹோம்வொர்க் எழுதுமே, அந்தப் புள்ளயா?"

"ஆமா முதலாளி."

"ஏம்மா, கூரையில ஏறி எறங்குறது ஆம்பள வேலை இல்லியா? ஒங்க கம்பெனில வேற ஆளு இல்லியா?"

"ஒங்க மாடிக்குப் படி இருக்கு முதலாளி. படிக்கு ஆம்பள பொம்பள தெரியாது."

அவர் சிரித்தார், ஆனால் சம்மதித்ததாகத் தெரியவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். வேலை முடிந்து சோதனைக்கு அதிகாரி வரும்போது முதல் தடவையிலேயே சரி என்று சொல்ல வேண்டும். சொன்னால் காப்பார் சாலையில் இருக்கும் அவருடைய கிடங்குக்கும் எங்கள் கம்பெனிதான் பலகை போடும். இல்லாவிட்டால் வேறு கம்பெனி. நான் அலுவலகத்துக்குத் திரும்பி வந்து இதைச் சொன்னபோது எங்கள் பாஸ் நாற்காலியைத் திருப்பாமலே பேசினார்: "டிசைன் உன்னோடது, கையெழுத்தும் உன்னோடது. பாஸானாலும் உன் பேரு, பெயிலானாலும் உன் பேரு. ஓகே லா?"

ஓகே என்றேன்.

பலகை போடுவதற்கு முன்னால் வீணாவதை நிறுத்த வேண்டும். அதுதான் நான் படித்த பாடம். மில்லில் காலையில் மணி அடித்ததும் எல்லா மெஷினையும் ஒரே நேரத்தில் தட்டிவிடுவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், பட்டாளம் கிளம்புவதைப் போல. ஆனால் அந்த ஒரு வேகத்துக்கே மில்லின் மின்கட்டணம் எகிறிக்கொண்டிருந்தது. ஒன்று ஓடி நிதானத்துக்கு வந்த பிறகு அடுத்ததைத் தட்டுங்கள் என்றேன். பெரிய மெஷினைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. மில் பெண்களுக்கெல்லாம் அவர்தான் தலைவி. எல்லாரும் பெரிய மெஷின் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"என்னா பாப்பா, மெஷினுக்கும் நம்பர் குடுத்து லைன்ல நிக்க வைக்கிற? இது என்னா கிளினிக்கா?"

பழைய குழல் விளக்குகளைக் கழற்றிவிட்டுப் புதிய எல்இடி விளக்குகளைப் போட்டபோதும் அவர் விடவில்லை. "இவ்ளோ வெளிச்சம் போட்டா யாரு எவ்ளோ நரைச்சிருக்கோம்னு தெரிஞ்சிரும் பாப்பா. பழசே நல்லாருந்துச்சு."

மொட்டைமாடியில் பாதியை மிளகாய் காயப் போடுவதற்கு விட்டுவிட்டேன். மறுபாதியில் இடுப்பு உயரத்துக்கு இரும்புச் சட்டம் அடித்து, வரிசைகளுக்கு நடுவே நடக்க வழி விட்டு, பலகைகளைச் சாய்த்துப் பொருத்தினோம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் மேலே வந்து பார்ப்பார்கள்.

"ஓடுற சத்தமே கேக்கலியே, இது என்னா மெஷினு?" என்றார் பெரிய மெஷின் அக்கா.

"சத்தம் போடாம வேலை செய்யற ஒரே ஆளு இந்த மில்லுல இதுதான்" என்றார் அம்மா, அவரைப் பார்த்துக்கொண்டே.

அதிகாரி குறித்துக் கொடுத்த தேதி விஜயதசமியன்று விழுந்தது. நான் கேட்டு வாங்கவில்லை, தானாக அமைந்தது. அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா, நல்ல நாளு அதுவா வந்து விழுது" என்று வீதி முழுக்கச் சொன்னார். மில்லில் ஆயுத பூஜை வருடம் தவறாமல் நடக்கும். பூசணிக்காயும் பொரியும் வாழைப்பழமும் முதலாளி வாங்கிக் கொடுப்பார். தீபாராதனையின்போது வாசலில் ஓரமாக நின்றுகொள்வார். முடிந்ததும் பொரிக்கு முதல் கை அவருடையதுதான். அந்த வருடம் பூஜையன்று நான் போகவில்லை. பிரிக்பீல்ட்ஸில் உட்கார்ந்து மறுநாளைக்கான தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மாலையில் அம்மா சுண்டலோடு வீட்டுக்கு வந்தார். விரல்களெல்லாம் மஞ்சள்.

"நாளைக்கு வந்து பாரு, ஒன் மெஷின் எப்படி ஜொலிக்குதுன்னு."

ஆசீர்வாதம் செய்கிறார் என்று நினைத்துச் சுண்டலைச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை காப்பாரில் இருக்கும் எங்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே கைப்பேசியைத் திறந்தேன். ஒரு வாரமாகச் சோதனை ஓட்டம் நடந்துகொண்டிருந்ததால் பலகைகள் எவ்வளவு மின்சாரம் தருகின்றன என்று அதில் தெரியும். வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஆனால் முந்தின நாள் காலை இதே நேரத்தில் வந்ததில் பாதிகூட வரவில்லை. ஒரு வரிசை என்றால் ஒரு கம்பி கழன்றிருக்கலாம். மூன்று வரிசையும் ஒன்றாகப் படுத்திருந்தன.

"என்னாடி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"என்னமோ கோளாறும்மா. கரண்ட் வரமாட்டுது. பத்து மணிக்கு அதிகாரி வந்துருவாரு."

"எப்படி கோளாறு வரும்? பூஜையெல்லாம் ஒழுங்காத்தானே பண்ணுனோம்?"

அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து மோட்டார் சைக்கிளை எடுத்தேன். கிள்ளான் வரும்வரை என் தலைக்குள் ஒவ்வொரு இணைப்பையும் கழற்றி மாட்டிக்கொண்டே வந்தேன். எந்த முடிச்சில் தவறு விட்டேன்? கணக்கிலா, கம்பியிலா? பின்னால் அம்மா தைரியம் சொல்வதாக நினைத்து முதுகைத் தட்டிக்கொண்டே வந்தது எரிச்சலாக இருந்தது.

மொட்டைமாடிக் கதவைத் திறந்ததும் எல்லாம் விளங்கிவிட்டது.

ஒவ்வொரு பலகைக்கும் குறுக்கே மூன்று விரலால் இழுத்த விபூதிப் பட்டை. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஒவ்வொரு வரிசைக்கும் மேலிருந்து கீழ்வரை கதம்ப மாலை வேறு. மாலை வாடிக் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. சந்தனம் காய்ந்து ஓடாகியிருந்தது. முப்பத்தாறு பலகையில் ஒன்றைக்கூட விடவில்லை.

அந்தப் பலகைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே சிறு சிறு கட்டங்கள் கைகோத்து நிற்கின்றன. ஒன்றின் முகத்தை மறைத்தால் அது மட்டும் சோர்ந்து உட்காராது. கையைப் பிடித்திருப்பவற்றையும் சேர்த்து உட்கார வைத்துவிடும். இங்கே வரிசைக்கு வரிசை எல்லாரையும் உட்கார வைத்திருந்தார்கள்.

எனக்குப் பின்னால் பெண்கள் ஒவ்வொருவராகப் படியேறி வந்து நின்றார்கள். எல்லார் முகத்திலும் சிரிப்பு. நான் அழுதால் அது ஆனந்தக் கண்ணீராகத்தான் எடுத்துக்கொள்ளப்படும் என்று தெரிந்தது.

"எப்படி?" என்றார் பெரிய மெஷின் அக்கா. "சந்தனம் மட்டும் ஒரு வாளி கரைச்சோம். ஒங்கம்மாதான் முழுக்க வச்சது. எங்கள ஒண்ணுகூட வைக்க விடல."

அம்மா தலையைக் குனிந்து சிரித்தார். புதுப்பெண் மாதிரி.

"அக்கா, இதெல்லாம் இப்பவே தொடைக்கணும்."

சிரிப்பு நின்றது. "என்னா பேச்சு பேசற? புனர்பூஜை ஆகாம தொடலாமா? இன்னைக்குச் செவ்வாக்கெழம. ஒம்போதுலேருந்து எமகண்டம். அது முடிஞ்சு, பத்தரைக்கு மேல தீபம் காட்டித்தான் எடுப்போம்."

"பத்து மணிக்கு அதிகாரி வராருக்கா. இப்படி இருந்தா பெயில் பண்ணிட்டுப் போயிருவாரு. இந்தப் பொட்டாலதான் கரண்ட் வரல."

"பொட்டு வச்சதுக்கா கரண்ட் வராது? நாப்பது வருசமா பெரிய மெஷினுக்குப் பொட்டு வைக்கிறோம், அது நின்னுச்சா? பொட்டு இல்லாம மூளியா விட்டாத்தான் நிக்கும்."

அம்மாவின் முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது. அவர் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு கட்டம், மின்னோட்டம் என்று பாடம் எடுக்க எனக்கு வாய் வரவில்லை. அங்கே நின்றவர்களுக்குப் புரியும் பேச்சில் பேச வேண்டும். அது என்னுடைய பேச்சும்தானே.

"அக்கா, பொட்டு எங்க வைப்பீங்க?"

"நெத்தியில."

"கண்ணுல?"

"கண்ணுல எவளாச்சும் வைப்பாளா? பைத்தியமா?"

"இந்த மெஷினுக்குக் கண்ணாடி முழுக்க கண்ணுக்கா. வெயிலப் பாத்தாத்தான் இதுக்கு உசுரு. நேத்துலேருந்து கண்ணுல சந்தனத்தை அப்பிக்கிட்டு, மாலையால கண்ணக் கட்டிக்கிட்டு நிக்குது. இன்னைக்கு விஜயதசமி. பெரிய மெஷினை ஒரு சுத்து ஓட்டுவீங்க, புள்ளைங்க புத்தகத்துல ஒரு வரி படிக்கும். இது மட்டும் குருடா நிக்கணுமா?"

ஒரு பெண் குனிந்து பலகையை உற்றுப் பார்த்தார், அது திரும்பிப் பார்க்குமோ என்பதைப் போல. பிறகு அம்மாதான் வாயைத் திறந்தார்.

"அப்ப இதுக்கு நெத்தி எதுடி?"

எந்தப் பேராசிரியரும் என்னிடம் கேட்காத கேள்வி. ஆனால் பதில் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. பலகையின் நாலு புறமும் ஓடும் அலுமினியச் சட்டத்தின் மேல்பக்கத்தைத் தொட்டுக் காட்டினேன். "இதும்மா. இங்க எவ்ளோ பெரிய பொட்டு வேணும்னாலும் வை. ஒண்ணும் ஆகாது."

அம்மா சட்டத்தில் விரலை வைத்து அளந்து பார்த்தார். "சின்ன நெத்திதான். பரவால்ல."

பெரிய மெஷின் அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முடிவெடுத்துவிட்டால் பிறகு அதிகாரியெல்லாம் தேவையில்லை. "எமகண்டம் வர்றதுக்குள்ள தீபம் காட்டிரலாம். ஏய், சூடத்தை எடுத்துட்டு வா. முதலாளிக்குப் பொரி தனியா எடுத்து வை, இல்லாட்டி கோவிச்சுக்குவாரு."

மொட்டைமாடியிலேயே சூடம் ஏற்றினார்கள். கண்ணில் ஒற்றிக்கொண்டதும் நான் சுவிட்சை அணைத்தேன். அடியில் ஓடும் கம்பிகளை யாரும் தொடக் கூடாது, பலகைமேல் சாயக் கூடாது என்று சொல்லிவிட்டு வாளிகளைக் கொடுத்தேன். காலை நேரம், கண்ணாடி இன்னும் சூடேறவில்லை. தண்ணீர் ஊற்றப் பயமில்லை. சந்தனத்தை ஊறவிட்டு, பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பெரிய மெஷின் அக்கா பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரோடு வந்தபோது நான் போட்ட கூச்சலில் மாடியிலிருந்த புறாக்கள் பறந்தன.

"கண்ணுல கம்பி நாரைப் போடுவீங்களா?"

"சரி சரி, கத்தாத எஞ்சினியர் அம்மா. என் சட்டியவிட ஒன் மெஷினுக்குத்தான் செல்லம்."

ஒரு வரிசை முடியும்போதே அம்மா பின்னாலேயே வந்து சட்டத்தில் குட்டிப் பொட்டாக வைத்துக்கொண்டு வந்தார். விரல் நுனியால், ஒரு சொட்டுகூடக் கண்ணாடியில் படாமல்.

கடைசிப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது முதலாளியும் அதிகாரியும் படியேறி வந்தார்கள். அதிகாரி மலாய்க்காரர், நடுத்தர வயது, கையில் சோதனைக் கருவிப் பெட்டி. மாடி முழுக்க நனைந்த பெண்கள், வாளிகள், ஒரு குவியல் வாடிய மாலை. அவர் என்னைப் பார்த்து, பெண்களை மலாயில் மரியாதையாக அழைக்கும் சொல்லோடு கேட்டார்: "சிக், ஏன் எல்லாருடைய கையும் மஞ்சளாக இருக்கிறது?"

மறைத்துப் பயனில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். நெற்றி, கண் எல்லாவற்றையும் சேர்த்து. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவருடைய கம்பத்தில், அதாவது கிராமத்தில், புதுக் கார் வாங்கினால் அரிசி மாவு கரைத்த தண்ணீரை இலைக்கொத்தால் தெளிப்பார்களாம். முன்கண்ணாடியில் காய்ந்துபோனால் அவர் அப்பா வீட்டையே இரண்டாக்குவாராம். "அவருக்கு இந்த நெற்றி விஷயம் தெரியாமல் போய்விட்டது" என்றார்.

சிரிப்பு வேறு, சோதனை வேறு. கருவியை மாட்டியதும் அவர் முகம் மாறிவிட்டது. முதல் வரிசை சரி. இரண்டாவது சரி. மூன்றாவதில் எண் குறைந்தது. அவர் என்னைப் பார்த்தார். முதலாளியும் பார்த்தார். இணைப்புகளில் தவறில்லை என்று அந்த நேரத்தில் எனக்கு உறுதியாகத் தெரியும். காலையில் மோட்டாரில் வரும்போது அந்த உறுதி இல்லை. "ஒரு நிமிஷம் என்சிக்" என்று மலாய் ஆண்களை அழைக்கும் மரியாதையோடு சொல்லிவிட்டு வரிசையோடு நடந்தேன். கடைசிப் பலகையின் கீழ்மூலையில், சாய்ந்து வழிந்த விபூதித் தண்ணீர் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா எனக்கு முன்னால் பாய்ந்து தோள் துண்டால் துடைத்தார்.

கருவியில் எண் ஏறியது.

"பாரு, பாரு, என் கை பட்டதும் ஏறுது!" என்று அம்மா கத்தினார். அவருக்கு எண்கள் நன்றாகத் தெரியும்.

அதிகாரி இன்னொரு முறை அளந்தார். மூன்று வரிசையும் ஒன்றுபோல் நின்றன. கீழே போய் முதன்மைச் சுவிட்சைப் போட்டேன். மெஷின்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டச் சொன்னேன். இந்த முறை யாரும் கிளினிக் என்று சொல்லவில்லை. பெரிய மெஷின் அக்கா முதல் சாக்கு மிளகாயைக் கொட்டியதும் காரம் எழும்பியது. பழக்கப்பட்ட நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அதிகாரிக்கு அது தெரியாது. தும்மித் தும்மி, கண்ணில் நீர் வழிய, என் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

முதலாளி பொரியை வாயில் போட்டுக்கொண்டே என்னிடம் வந்தார். "அடுத்த வாரம் காப்பார் கிடங்குக்கு வந்து அளந்து பாரும்மா. அங்க படி கெடையாது, ஏணிதான்."

"ஏணிக்கும் தெரியாது முதலாளி."

அந்தக் கிடங்கையும் போட்டு முடித்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ கூரைகள். எங்கள் கம்பெனியில் இப்போது பலகையின் சட்டத்துக்கு நெத்தி என்றுதான் பெயர். "நெத்தி லூஸா இருக்கு, டைட் பண்ணு" என்று சீன நண்பர்கூடச் சொல்கிறார். நாடு பெரிதாக ஒரு காரியத்தைத் தொடங்கும்போது அதற்கான சொற்களெல்லாம் மேலிருந்து ஆங்கிலத்திலும் மலாயிலும் இறங்கி வரும். ஒரு சொல்லாவது ஒரு மசாலா மில் மாடியிலிருந்து தமிழில் போயிருக்கிறது. கேட்டவர் என் அம்மா, பதில் சொன்னது நான்.

அந்த விஜயதசமியன்று மாலை அம்மா முதல் அரைப்பில் ஒரு பொட்டலத்தை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்து, பக்கத்து வீட்டு அக்காவிடம் வேலிக்கு மேலே நீட்டினார்.

"இந்தா, வெயில்ல அரைச்ச மொளகாத் தூள்."

"வெயில்ல காய வச்சது தெரியும். வெயில்ல அரைச்சதா? எவ அரைச்சா?"

"என் மக" என்றார் அம்மா.